கிளேஸ் ஏன் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வருகிறது?

குன்னூரில் வாரம் ஒரு நாள் மண்பாண்ட வகுப்புக்குப் போகும் ஒருவர் கேட்டிருக்கிறார். வகுப்பில் புழங்கும் பச்சை கிளேஸின் (பாத்திரத்தின் மேல் பளபளக்கும் பூச்சின்) செய்முறையை எழுதி வந்து வீட்டிலேயே கலந்திருக்கிறார். மண் அதேதான், சுட்டதும் வகுப்பின் கேஸ் சூளையில்தான். ஆனால் மூன்று முறையும் மூன்று விதமாக வந்திருக்கிறது. முதலில் நல்ல பச்சை. அடுத்த முறை சிவப்பும் பழுப்புமாகக் கலங்கல். மூன்றாவது கிண்ணத்தில் கிளேஸ் வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொண்டது. "மலையின் பனிமூட்டமும் காற்றும்தான் காரணமா? இந்த ஊருக்கு ஏற்ற வேறு செய்முறை இருக்கிறதா?" என்கிறார். கேட்டது செய்முறையைத்தான். ஆனால் ஒரு முறை வந்ததை மறுமுறையும் எப்படி வரவைப்பது என்ற தவிப்புதான் அந்தக் கேள்விக்குள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் கோத்தகிரிப் பக்கம் 17 வருடமாகச் சூளை எரிக்கிறேன். அதில் 10 வருடம் சொல்லிக்கொடுத்தும் வருகிறேன். உங்கள் கிண்ணங்களை நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை, அதனால் கடைசியில் சொல்லப்போகும் காரணங்களில் சிலவற்றை ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எது நிச்சயம், எது ஊகம் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நிச்சயமானது. கிளேஸ் என்பது கண்ணாடி. பாட்டி வீட்டு ஊறுகாய் ஜாடியின் பளபளப்பு, மண்ணின் மேல் உருகி ஒட்டிய கண்ணாடிப் படலம். கண்ணாடியாவது சிலிக்கா. ஆனால் சிலிக்கா தனியாக உருக 1,700 டிகிரி வேண்டும், நம் சூளை அவ்வளவு போகாது. அதனால் அதை இறக்கி உருகவைக்கச் சுண்ணாம்பு, பொட்டாஷ், சோடா போன்றவற்றைச் சேர்க்கிறோம். இவை மட்டும் இருந்தால் உருகியது தண்ணீர்போல் ஓடிவிடும். சுவரில் பிடித்து நிறுத்துவது அலுமினா, அது களிமண்ணிலிருந்தும் பெல்ஸ்பார் என்ற கல்லின் பொடியிலிருந்தும் வருகிறது. பெல்ஸ்பார் 40, சிலிக்கா 30, வைட்டிங் (சுண்ணாம்புக் கல் மாவு) 20, சைனா கிளே (வெள்ளைக் களிமண்) 10 என்று ஒரு கணக்கு உலகெங்கும் வகுப்புகளில் புழங்குகிறது. 1,280 டிகிரியை ஒட்டிச் சுடுபவர்களுக்கு உகந்தது. உங்கள் வகுப்பின் செய்முறையும் இதன் உறவாகத்தான் இருக்க வேண்டும், மேலே 2 அல்லது 3 பங்கு காப்பர் கார்பனேட் சேர்த்திருப்பார்கள். இந்த நாலு பொருளும் என்ன வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால் பத்துச் செய்முறை மனப்பாடம் செய்வதைவிட அதிகம் உதவும். காப்பர் நிறம் மட்டும் தருவதில்லை, கிளேஸை இளக்கவும் செய்யும். தராசில் அது கூடினால் பச்சை கூடும், வழிவதும் கூடும். சமையலறைத் தராசு 1 கிராம்தான் காட்டும் என்றால் 100 கிராம் கலவைக்கு 3 கிராம் காப்பரை அதில் நிறுக்காதீர்கள். அரை கிராம் பிசகினாலே ஆறில் ஒரு பங்கு தவறிவிடும். 0.1 கிராம் காட்டும் தராசு வாங்குங்கள், அல்லது ஒரே முறையில் ஒரு கிலோ கலக்குங்கள்.

ஆனால் செய்முறைத் தாளில் எழுதாத ஒரு பொருள் இருக்கிறது, தண்ணீர். என் அனுபவத்தில் "அதே செய்முறை, வேறு முடிவு" என்று வருபவர்களில் பெரும்பாலோருக்கு வேறுபாடு அங்கேதான் இருக்கும். வகுப்பில் ஆசிரியர் கையை வாளிக்குள் விட்டுப் பார்த்து, விரலில் படிந்ததை வைத்து "சரி, முக்கு" என்பார். அவருக்கு அது போதும், ஆயிரம் தடவை பார்த்த விரல். உங்களுக்கு ஒரு எண் வேண்டும். 100 மில்லி பிடிக்கும் அளவுக் குடுவையைக் காலியாகத் தராசில் வைத்து பூஜ்யம் செய்யுங்கள். நன்றாகக் கலக்கிய கிளேஸைச் சரியாக 100 மில்லி ஊற்றுங்கள். 145 கிராம் காட்டினால் அடர்த்தி 1.45. முக்கியெடுக்கும் கிளேஸுக்கு 1.40 முதல் 1.50 வரை வைத்துக்கொள்ளலாம். உங்கள் பச்சைக்கு எந்த எண் சரி என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு அதை வாளியின் மேல் அழியாத மையில் எழுதுங்கள். கெட்டி மோர்ப் பதம் என்று நானும் வகுப்பில் சொல்வதுண்டு, ஆனால் ஒவ்வொரு வீட்டு மோரும் வேறு.

ஒரு முறை மார்ச் மாதம், வெயிலும் வறண்ட காற்றுமாக இருந்த வாரம், என் மாணவி ஒருத்தி வாளி மூடியைச் சரியாக அழுத்தாமல் போய்விட்டாள். அடுத்த வாரம் வந்து அதே வாளியில் அதே மூன்று எண்ணி முக்கினாள். பச்சைப் பூச்சு காய்ந்தபோதே எனக்குச் சந்தேகம், ஊசியால் கீறிப் பார்த்தால் நகத்தின் தடிமனைப்போல் இரண்டு மடங்கு. எடை போட்டோம், 1.45 இருந்தது 1.58 ஆகியிருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் கிண்ணத்தைக் குழாயடியில் கழுவி, இரண்டு நாள் காயவைத்து, திரும்ப முக்கினாள். அன்றிலிருந்து முக்குவதற்கு முன் எடை போடாமல் அவள் வாளியைத் தொடுவதில்லை.

கலக்கும்போது தண்ணீரை முதலில் எடுத்து, அதன்மேல் பொடியை மெல்லத் தூவி, ஒரு இரவு ஊறவிட்டு மறுநாள் கலக்குங்கள். 80 மெஷ் (ஓர் அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் இரண்டு தரம் வடிகட்டுங்கள், காப்பர் மாதிரி நிறப்பொருள் இருந்தால் 100 மெஷ். புள்ளிபுள்ளியாகக் கரும்பச்சை வருவதற்குப் பாதிக் காரணம் சலிக்காமல் விடுவது. வாளியின் அடியில் கல்லாகப் படிந்துவிடுகிறது என்றால் செய்முறையில் களிமண் குறைவு. 2 பங்கு பென்டோனைட் என்ற நுண்ணிய களிமண்ணை மற்றப் பொடிகளோடு காய்ந்த நிலையிலேயே கலந்துவிடலாம். கலந்த பிறகு படிகிறதென்றால் பேதி உப்பை வெந்நீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு கிலோ பொடிக்கு 1 அல்லது 2 கிராமுக்கு மேல் வேண்டாம், கிளேஸ் சட்டென்று தயிராகும்.

இனி முக்குவது. பிஸ்க் சுட்ட பாத்திரம், அதாவது கிளேஸ் பூசுவதற்கு முன் ஒரு முறை சுட்டது, தண்ணீரை உறிஞ்சும், உறிஞ்சும்போது பொடி சுவரில் தங்கும். மெல்லிய சுவர் சீக்கிரம் நிறைந்துவிடும், தடித்த சுவர் இன்னும் குடிக்கும். அதனால் ஒரே வாளியில் ஒரே நேரம் முக்கினாலும் மெல்லிய கோப்பையில் கிளேஸ் குறைவாகவும் கனத்த கிண்ணத்தில் அதிகமாகவும் ஏறும். முதலில் உள்ளே ஊற்றிச் சுழற்றிக் கொட்டுங்கள், ஒரு மணி நேரமாவது காயட்டும், பிறகு வெளியே. மூன்று எண்ணி எடுங்கள், எல்லாத் தடவையும் மூன்றே எண்ணுங்கள். அடிப்பாகத்தை மெழுகில் தோய்த்து, தரையிலிருந்து அரை சென்டிமீட்டர் வெறுமையாக விடுங்கள். வழியும் கிளேஸ் என்று தெரிந்தால் பாத்திரத்தின் கீழ் மூன்றில் ஒரு பங்கை ஈர ஸ்பாஞ்சால் சற்று இலேசாக்கிவிடலாம்.

மலையைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் பாதி உண்மை, பாதி மற்றவர்கள் சொல்லிக் கேட்டுக்கேட்டு நிலைத்துவிட்டது. பனிமூட்டம் சூளைக்குள் போய் கிளேஸைக் கெடுக்காது. சூளை 1,000 டிகிரி தாண்டிய பிறகு வெளியே மூட்டமா வெயிலா என்பது அதற்குப் பொருட்டில்லை. ஆனால் மூட்டம் பிஸ்கைக் கெடுக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை நம் பக்கம் கொட்டும்போது, அலமாரியில் திறந்து கிடக்கும் பிஸ்க் பாத்திரம் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். அப்போது அது கிளேஸை உறிஞ்சாது, மேலே மெல்லிசாகப் படியும், காய அரை நாள் ஆகும், அது காய்வதற்குள் கைபட்டு உரியும். அந்த மாதங்களில் முந்தின இரவே பாத்திரங்களை ஆறும் சூளைக்கு அருகிலோ, குறைந்த சூட்டில் ஒரு மணி நேரம் ஓவனிலோ வைத்து, கை சூடு வரும்வரை ஆறவிட்டு முக்குகிறேன். இது நிச்சயமாக வேறுபாடு காட்டும்.

உயரம் அடுத்தது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் 5-இல் 4 பங்குதான், தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளி ஆசிரியர்கள் பிஸ்க் சூளையை "100 டிகிரிக்குக் கீழே பிடித்து ஈரத்தை விரட்டு" என்று கற்றுக்கொடுப்பார்கள். இங்கே 98-இல் பிடித்தால் மண்ணுக்குள் ஆவி ஏற்கெனவே கிளம்பியிருக்கும், தடித்த அடிப்பாகம் வெடித்துச் சிதறும். நான் 85-இல் பிடிப்பேன், நவம்பரில் இரவு முழுவதும்.

கேஸ் சூளையில் உயரம் இன்னும் நேரடியாக வந்து பேசும். காற்று இலேசு என்பதால், சமவெளியில் சரியாக எரிந்த பர்னருக்கு இங்கே அதே திறப்பில் பிராணவாயு குறைவாகக் கிடைக்கும். சுடர் மஞ்சளாகும், சூளைக்குள் காற்றுப் பஞ்சம் வரும். செம்பு அப்போது பச்சையாக இருக்காது, சிவக்கும். சீனர்கள் அதை வேண்டுமென்றே செய்து இரத்தச் சிவப்புக் கிண்ணங்கள் சுட்டார்கள். நாம் பாதி வழியில் தெரியாமல் செய்தால் வருவது ஈரல் நிறக் கலங்கல். உங்கள் இரண்டாவது கிண்ணம் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல, அந்தச் சூளையில் கூட இருந்த மற்றப் பாத்திரங்கள் எப்படி வந்தன என்று ஆசிரியரைக் கேளுங்கள். வேறு யாருடைய பச்சையும் சிவந்திருந்தால் காரணம் சூளையின் காற்று, உங்கள் கலவையில் குற்றமில்லை. உங்களுடையது மட்டும் என்றால் சூளையில் அது எந்தத் தட்டில், பர்னருக்கு எவ்வளவு அருகில் இருந்தது என்று பாருங்கள். ஒரே சூளையில் ஒரு மூலை காற்றோடும் ஒரு மூலை காற்றில்லாமலும் எரிவது சாதாரணம்.

இன்னொரு விஷயம் குளிர். ஜனவரி இரவில் சூளை எரியும்போது சிலிண்டர் வெளியில் பனி பூத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். திரவம் ஆவியாக ஆவியாகச் சிலிண்டரே குளிர்ந்துபோய், கேஸ் அழுத்தம் விழும். கடைசி 100 டிகிரி ஏறாமல் மூன்று மணி நேரம் இழுக்கும். நான்கு சிலிண்டரைச் சேர்த்து இணைத்தால் ஒவ்வொன்றின் மேலும் சுமை குறையும். சிலிண்டரைச் சூடாக்கத் தீயோ ஹீட்டரோ அருகே கொண்டுபோகவே வேண்டாம். இப்படி நேரம் இழுக்கும் சூளையில் மீட்டர் 1,260 காட்டினாலும் கிளேஸுக்கு 1,280-இன் வேலை நடந்திருக்கும், ஏனென்றால் உருகுவது வெப்பத்தோடு நேரத்தையும் சேர்த்துத்தான். இதற்காகத்தான் 1886-இல் பெர்லினில் ஹெர்மன் செகர் கோன் என்கிற சின்னக் கூம்புகளைச் செய்தார். கிளேஸுக்கு ஒப்பான பொருளாலேயே ஆன அந்தக் கூம்பு எப்போது வளைகிறதோ அப்போதே சூளை முடிந்தது. மீட்டரை நம்பி முடித்த சூளை என்றால், உங்கள் மூன்றாவது கிண்ணம் வழிந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு தட்டிலும் ஒரு கோன் வைக்கச் சொல்லுங்கள், செலவு சொற்பம். சூளை எரியும்போது குளிருக்காகக் கதவு ஜன்னலை அடைக்காதீர்கள். காற்றுப் பஞ்சத்தில் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடைத் தரும், அதற்கு வாசனை கிடையாது. கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி உயிர்போன செய்தி நம் மலையில் புதிதல்ல.

எல்லாச் சந்தேகத்துக்கும் மருந்து சோதனை வில்லைதான். செங்குத்தாக நிற்கும்படி ட எழுத்தைப்போல் மடக்கிய மண் துண்டு, விரல் நீளம் போதும். படுத்த வில்லையில் கிளேஸ் வழிவது தெரியாது, அதனால் நிற்க வேண்டும். ஒரே கிளேஸை ஒரு எண்ணிக்கை, மூன்று எண்ணிக்கை, ஆறு எண்ணிக்கை என மூன்று வில்லையில் முக்குங்கள். பின்புறம் இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் குழைத்துத் தூரிகையால் எண் போடுங்கள், பேனா மை சூளையில் எரிந்துவிடும். பிறகுதான் செய்முறையில் கை வையுங்கள், அதுவும் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு பொருளில். வைட்டிங்கை மட்டும் 15, 20, 25 என்று மாற்றிய மூன்று வில்லை உங்களுக்குச் சொல்வதை, ஒரே நேரத்தில் மூன்று பொருளை மாற்றிய முப்பது வில்லை சொல்லாது.

ஒதுங்குவது இன்னொரு தொல்லை. கிளேஸ் ஒரு இடத்தில் சுருண்டு விலகி, நடுவே மண் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஜனவரியில் ஒருவர் கிண்ணத்தைச் சூளையிலிருந்து எடுத்தபோது அதன் வெளிச்சுவரில் ஐந்து வட்டங்கள் வெறுமையாக இருந்தன, கட்டை விரல் ஒரு பக்கம், நாலு விரல் மறுபக்கம். அவர் அப்படியே கையை வைத்துப் பார்த்தார், சரியாகப் பொருந்தியது. குளிரில் கை வெடித்ததென்று காலையில் வாசலின் தடவியிருந்தார், பிஸ்கை எடுத்துப் பார்த்த இடத்தில் எல்லாம் எண்ணெய் ஏறியிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிய தலையைக் கோதிவிட்டுப் பாத்திரத்தைத் தொட்டாலும் இதேதான். எண்ணெயும் தூசும் இல்லாமல் ஒதுங்குகிறது என்றால் பூச்சு தடிமன், அல்லது செய்முறையில் களிமண் அதிகம். இது தவிர, சூளையிலிருந்து எடுத்த பாத்திரம் இரண்டு நாள் கழித்தும் டிங் டிங் என்று சத்தமிட்டு வலைபோல் கீறல் விடுகிறதென்றால், ஆறும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகமாகச் சுருங்குகிறது. சிலிக்காவை 5 பங்கு கூட்டி மறுபடி வில்லை சுட்டுப் பாருங்கள்.

வீட்டில் கலக்குவதாகச் சொன்னதால் இதைச் சொல்லாமல் விட முடியாது. சிலிக்கா, பெல்ஸ்பார் தூள் நுரையீரலில் தங்கினால் திரும்ப வெளியே வராது, அதனால் வரும் சிலிகோசிஸைக் குணப்படுத்த முடியாது. குளிருக்கு மூடிய அறையில் தூள் மணிக்கணக்கில் மிதக்கும். என்95 முகக்கவசம் போடுங்கள், துணி முகக்கவசம் போதாது. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடையுங்கள், சமையலறையில் கலக்காதீர்கள், குழந்தைகள் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். வாளி கழுவிய தண்ணீரை ஒரு டிரம்மில் தெளியவிட்டு, படிந்ததைத் திரட்டி ஒரு பழைய கிண்ணத்தில் வைத்து சூளையிலேயே சுட்டுவிடுங்கள். நம் வீட்டுச் சாக்கடை தேயிலைத் தோட்டத்து ஓடைக்குத்தான் போகிறது. கொடைக்கானலில் 2001-இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் மண்ணைவிட்டுப் போக எத்தனை காலம் பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

அந்தப் பச்சைக் கிண்ணத்தில் சாப்பிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சாப்பிடத்தான் செய்வீர்கள். நம் சமையல் புளியும் எலுமிச்சையும். செம்பு அதிகமான கிளேஸ், அதுவும் சரியாக உருகாதது, புளிப்பில் கசியும். எலுமிச்சைத் துண்டை ஒரு இரவு அதன்மேல் வைத்துப் பாருங்கள். மறுநாள் அந்த இடம் வெளிறியிருந்தால் அது பூ வைக்கும் கிண்ணம். வெளிறவில்லை என்றால் கசியவே இல்லை என்று பொருளில்லை, ஆய்வகம்தான் அதைச் சொல்ல முடியும், என் கண்ணாலும் முடியாது. என் வழக்கம் எளிது. உள்ளே நிறப்பொருள் இல்லாத வெள்ளையோ தெளிந்த கிளேஸோ மட்டும், பச்சை எல்லாம் வெளியே. ஈயம், காட்மியம், பேரியம் உள்ள எதையும் சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு நான் வாங்குவதில்லை.

இந்த ஊருக்கு ஏற்ற செய்முறை என்று கேட்டதற்கும் ஒன்று உண்டு, சாம்பல். கற்பூர மரம், சீகை மரம், கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டை, மூன்றின் சாம்பலும் மூன்று நிறம் தரும். சலித்த சாம்பல் 40, பெல்ஸ்பார் 40, சைனா கிளே 20 என்று 1,280-க்குத் தொடங்குங்கள். சாம்பல் தண்ணீர் தோலை அரிக்கும், கையுறை போடுங்கள். அடுப்பு மாறினால் சாம்பலும் மாறும், ஆகவே ஒரே மரத்துச் சாம்பலை ஒரு மூட்டை சேர்த்துவைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. வைட்டிங்குக்குப் பதில் கோலமாவு போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கடைக் கோலமாவு பெரும்பாலும் ஏதோ ஒரு கல்லின் மாவு, எந்தக் கல் என்பது பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும். "திரும்ப வரவைப்பது எப்படி" என்று கேட்கிறவருக்கு அது உதவாது.

எல்லாவற்றுக்கும் கிளேஸ் வேண்டும் என்பதும் இல்லை. இந்த மலையில் கோத்தர் பழங்குடிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வனைந்த பானைகளில் கிளேஸ் கிடையாது. நீலகிரியின் பழைய கல்லறை வட்டங்களில் கிடைத்து இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் சாடிகளிலும் கிடையாது, மூடியின் மேல் எருமையும் மனிதர்களும் அப்படியே சுட்ட மண் நிறத்தில் நிற்கிறார்கள். உயர்சூட்டு மண்ணென்றால் அடுத்த கிண்ணத்துக்கு உள்ளே மட்டும் கிளேஸ் ஊற்றி, வெளியே வெறும் மண்ணாகவே சுட்டுப் பாருங்கள். தட்டில் ஒட்டும் பயமும் இருக்காது, மண்ணின் நிறத்தையும் பார்க்கலாம்.

உங்கள் மூன்று கிண்ணத்துக்கு வருகிறேன். முதலாவது பச்சைக்கு, கலவையும் சூட்டும் அன்றைக்குப் பொருந்தியிருக்கின்றன. இரண்டாவது, மேலே சொன்னபடி, சூளையில் காற்றுக் குறைவு என்பது என் ஊகம். மூன்றாவதில் பூச்சுத் தடிமன்தான் முதல் சந்தேகம், அடுத்து நிறுவையில் காப்பர் கூடியது, அதற்கடுத்து சூளை நேரம் இழுத்தது. வாளியில் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் தண்ணீர் சேர்க்காமல் முதலில் 100 மில்லியை நிறுத்துப் பாருங்கள். அந்த எண், சூளையில் வைத்த தட்டு, எண்ணிய எண்ணிக்கை மூன்றையும் எழுதி, மூன்று வில்லையின் படத்தோடு போடுங்கள். படம் மட்டும் வந்தால் நான் சொல்வது மறுபடியும் ஊகமாகத்தான் இருக்கும்.